கார் பாலிஷ் சரியாக வரவில்லையா? கோளாறு வாரியாக ஒரு வழிகாட்டி

"ஏனுங்ண்ணா, மெஷின் டூப்ளிகேட்டுங்களா? எவ்வளவு தேய்ச்சாலும் கீறல் போகவே மாட்டேங்குதுங்க." புதிதாகப் பாலிஷிங் மெஷின் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மெஷின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போனட் வெயிலில் காய்ந்திருக்கும், இல்லை கழுவியது உப்புத் தண்ணீராக இருக்கும், இல்லை துடைத்த துணி பனியன் வேஸ்ட்டாக இருக்கும். நம் கொங்குப் பக்கத்தில் வீட்டு போர்டிகோவில் வைத்துப் பாலிஷ் போடுகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மெஷினுக்கு பிளக் சொருகுவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

உங்கள் காரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதைத் தேய்க்கிறோம்?

கம்பெனி பெயிண்டில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் இருக்கும். கிளியர் கோட் என்பது அதுதான். பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் கனம். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். வெயிலில் போனட் மேல் சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய கீறல்கள் எல்லாம் இந்தப் படலத்தில் விழுந்த பள்ளங்கள். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்குச் சீவுகிறது. அதாவது ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரை நிறத்தின் மேல் படாமல் தடுப்பதும் இதே படலம்தான் என்பதால், மிச்சம் வைக்க வேண்டிய சொத்து இது.

அதனால் காரில் இறங்குமுன் சோதனைக் கட்டம் ஒன்று போட்டுப் பாருங்கள். போனட்டில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மென்மையான ஃபோம் பேடில் மெல்லிய பாலிஷை நான்கைந்து பட்டாணி அளவுக்கு வைத்து, மெஷினை ஆன் செய்யாமலே கட்டம் முழுக்கத் தொட்டுத் தொட்டு வையுங்கள். 1 அல்லது 2-ம் வேகத்தில் பரப்பிவிட்டு, வேகத்தை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். இடமிருந்து வலமாக ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை என்று மாற்றி மாற்றி நான்கு தடவை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். மெஷின் ஒரு விநாடிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் சரி. புதியவர்கள் எல்லோருமே இதைவிட வேகமாகத்தான் ஓட்டுகிறார்கள். கை தரை துடைக்கிற பழக்கத்திலேயே போகும், பிடித்து நிறுத்த வேண்டும்.

பிறகு துடையுங்கள். ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நான்கு பங்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் தண்ணீர் கலந்து, அதைத் தெளித்து மறுபடியும் துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து கண்ணை ஏமாற்றும். இந்தக் கலவை அதை எடுத்துவிடும். அப்புறம் டேப்பை உரித்துவிட்டு, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, டேப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாருங்கள். போதும் என்று தோன்றினால் கார் முழுக்க அதே பேட், அதே பாலிஷ். போதவில்லை என்றால் அதே பாலிஷோடு கொஞ்சம் கெட்டியான பேட். அதுவும் போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட், அதாவது பாலிஷைவிட வேகமாக வெட்டும் கரடான பசை. இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள்.

பேடில் காரின் நிறம் ஏறுகிறது

கோளாறுகளில் அவசரமானது இதுதான், அதனால் முதலில் வைக்கிறேன். மெஷினை உடனே நிறுத்துங்கள்.

கிளியர் கோட் உள்ள காரில் பேட் அழுக்கு வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் மாற வேண்டும். சிவப்புக் காரில் பேட் சிவந்தால் இரண்டில் ஒன்று. உங்கள் காரில் கிளியர் கோட்டே இல்லாமல் இருக்கலாம். பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகள், பட்டறையில் முன்பு அடித்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், சில வெள்ளை வண்டிகளின் சாலிட் பெயிண்ட் எல்லாம் இந்த வகை. இவற்றில் நிறம் ஏறுவது இயல்பு. வெயிலில் வெளிறிய மேல்தோல்தான் வருகிறது. மெதுவாகத் தொடரலாம்.

கம்பெனி மெட்டாலிக் பெயிண்டில் நிறம் ஏறினால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். கதவின் மடிப்புக் கோடு, போனட் விளிம்பு, வீல் ஆர்ச் ஓரம் ஆகிய இடங்களில்தான் இது நடக்கும். மடிப்பில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக நிற்கும், பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். தொடங்கும்போதே மடிப்புகளுக்கும் ஓரங்களுக்கும் டேப் ஒட்டிவிடுங்கள். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு அந்த ஓரத்தைக் கையால் லேசாகத் தேய்த்தால் போதும். ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்றால் எந்த வாக்ஸும் கோட்டிங்கும் அதைத் திருப்பாது. அந்த பேனலுக்குப் பெயிண்ட்தான்.

கீறல் அப்படியே இருக்கிறது

முதலில் நகத்தை வைத்துக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் ஹேண்டில்பார் இழுத்த கோடு, கேட் உரசியது, வேலி முள் கிழித்தது எல்லாம் பெரும்பாலும் இதில் வரும். ஓரங்களை மழுங்கடித்துக் கண்ணில் உறுத்தாமல் செய்யலாம், அவ்வளவுதான். விட்டுவிடத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு பாதி.

நகம் சிக்கவில்லை, ஆனாலும் போகவில்லை என்றால், கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம், ஒரு விநாடி. அடுத்து எடுத்துக்கொண்ட இடத்தின் அளவு. முழு போனட்டையும் ஒரே மூச்சில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி தூரத்திலேயே காம்பவுண்ட் செத்துவிடும், மீதிக்கு வெறும் பேடுதான் சுற்றும். இரண்டு அடிச் சதுரத்துக்கு மேல் போகாதீர்கள்.

பேடை வாரக் கணக்கில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்து எடுத்தீர்களா? காய்ந்த காம்பவுண்ட் நுரையின் துளைகளை அடைத்து, பேட் பலகை மாதிரி இருக்கும். அது வெட்டாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை நைலான் பிரஷ்ஷால் துடைப்பதோ, கம்ப்ரஸர் இருந்தால் காற்று அடிப்பதோ கட்டாயம். ஒரு காருக்கு ஒரே பேடை வைத்து ஒப்பேற்ற முடியாது. நான்கு பேடாவது கையில் இருக்கட்டும், நனைந்து சூடேறியதை மாற்றிக்கொண்டே வாருங்கள். வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நிழலில் காய வைக்க வேண்டும்.

இத்தனையும் சரி என்றால், பெயிண்ட் கெட்டியானது. பேடை மாற்றுங்கள்: ஃபோமுக்குப் பதில் மைக்ரோஃபைபர் பேட். காம்பவுண்டை மாற்றுவதைவிடப் பேடை மாற்றுவதில் வித்தியாசம் அதிகம் தெரியும்.

பேட் சுற்றவே இல்லை, மெஷின் மட்டும் அதிர்கிறது

டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினில் பேட் இரண்டு விதமாக ஓடுகிறது: மையம் விலகி ஆடுவது ஒன்று, தன்னைத் தானே சுற்றுவது இன்னொன்று. ஆட்டத்தை மோட்டார் நேராக ஓட்டுகிறது. சுற்றலோ பேரிங்கில் சும்மா விடப்பட்டது. அழுத்தினால் சுற்றல் நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். கை அதிரும், வேலை நடக்காது. புதியவர்களுக்குப் பாதுகாப்பு என்று இந்த மெஷினைச் சொல்வதற்குக் காரணமும் இதே குணம்தான்.

பேட் ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் கருப்பு மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். வெள்ளை பிளேட் என்றால் ரொம்ப நல்லது. ஓட்டும்போது கண் அந்தக் கோட்டின் மேல் இருக்கட்டும். கோடு தட்டுத் தட்டாகச் சுற்றி வருவது தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்துவிட்டது. மெஷினின் சொந்த எடையும் அதற்கு மேல் லேசான கை அழுத்தமும் போதும். கதவில் வேலை செய்யும்போது எடை உதவாது, அங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தலாம். ஆனால் கோட்டைப் பார்த்துக்கொண்டே.

பம்பரின் வளைவு, ஃபென்டர் வீக்கம், ஹெட்லைட்டைச் சுற்றிய இடம் இங்கெல்லாம் 6 அங்குல பேட் நிற்கத்தான் செய்யும். 15 மி.மீ., 21 மி.மீ. என்று ஆட்டம் அதிகமுள்ள மெஷின்கள் சமதளத்தில் சிட்டாகப் பறந்தாலும் வளைவில் சீக்கிரம் திணறும். 3 அங்குல பேடும் பிளேட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த இடங்களைக் கையால் போடுங்கள்.

இன்னொரு காரணம் ஊர் சார்ந்தது. தோட்டத்து வீட்டில், கிணற்று மோட்டார் ஓடும் நேரத்தில், ஐம்பது அடி மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மெஷினை ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி வேகம் குறையும். 5-ல் வைத்தாலும் 3-ல் ஓடுவது போல இருக்கும். தடித்த ஒயர் போடுங்கள், அல்லது மோட்டார் நின்ற பிறகு ஆரம்பியுங்கள்.

வெயிலில் வில் வில்லாக நிழல் கோடுகள்

கார் திரும்பும்போது கூடவே நகரும் முப்பரிமாண நிழல் மாதிரி தெரிகிறதா? அதுதான் ஹோலோகிராம். டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. வண்டியை வெளியே எடுத்ததும் தெரியும். இது அநேகமாக ரோட்டரி மெஷின், ஊல் (கம்பளி) பேட் இரண்டின் கைவண்ணம். ஒரே திசையில் சுற்றும் பேட் ஒரே திசையில் மெல்லிய கோடுகளை வரைந்துவிடுகிறது. வாட்டர் சர்வீஸில் "பாலிஷும் சேர்த்துப் போட்டுடறோம்" என்று சொல்லிக் கொடுத்த வண்டிகளில் அடிக்கடி பார்க்கலாம்.

தீர்வு சுலபம். டி.ஏ. மெஷினில் மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், நிதானமான கை. கோடுகள் ஆழமில்லை என்பதால் ஒரு சுற்றிலேயே போய்விடும்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ரோட்டரியும் ஊல் பேடும் கையில் விளையாடும். அவர்கள் தேய்ப்பது ஹார்டனர் கலந்து புதிதாகக் கனமாக அடித்த 2கே பெயிண்ட், கையும் ஆண்டுக்கணக்கில் பழகிய கை. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கும் ஏஜி4 கிரைண்டரில் பஞ்சு பேடை மாட்டாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷிங் ரோட்டரி அதிகபட்சமே 3,000 சுற்றுச் சுமார்தான், அதிலும் வேலை நடப்பது பாதி வேகத்தில். கிரைண்டரில் பெயிண்ட் கருக ஒரு நொடி தாராளம். ரோட்டரியே ஆனாலும் வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் ஐடி கார்டு இவற்றோடு பக்கத்தில் போக வேண்டாம். வைப்பர் தண்டிலோ ஆன்டெனாவிலோ பேட் மாட்டினால் மெஷின் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும்.

கருப்புக் கார் புகை படிந்த மாதிரி மங்கலாக இருக்கிறது

கீறல் போய்விட்டது, ஆனால் கருப்பு கருப்பாக இல்லை. காம்பவுண்டும் கெட்டி பேடும் விட்டுச் சென்ற நுண் தடங்கள் இவை. மைக்ரோஃபைபர் பேட் போட்டால் மென்மையான பெயிண்டில் இது வருவது சகஜம். வெள்ளைக் காரில் இதே மங்கல் இருந்தும் தெரியாது என்பதால் வெள்ளை வண்டிக்காரர்கள் ஒரே படியில் முடித்துக்கொள்ளலாம். கருப்பு, அடர்நீலம், மெரூன் வண்டிக்கு இரண்டாவது படி கட்டாயம்: ஃபினிஷிங் பேட் (மிக மென்மையான ஃபோம்), மெல்லிய பாலிஷ், கடைசி இரண்டு தடவை அழுத்தமே இல்லாமல் மெஷினின் எடையில் மட்டும். ஆரம்பத்தில் பயன்படுத்திய பேடையே கழுவிவிட்டுப் போடுவது உதவாது, காம்பவுண்டின் துகள் உள்ளேயே தங்கியிருக்கும்.

பாலிஷ் போடும்போதே புதுக் கீறல் முளைக்கிறது

பன்றிவால் மாதிரி சுருண்ட கீறலாக இருந்தால் பேடில் ஏதோ கடினத் துகள் மாட்டியிருக்கிறது. அந்த பேடைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பேடை மாட்டுங்கள். அதைக் கழுவிக் காயவைத்து, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மறுபடியும். பேட் தரையில் விழுந்தாலும் இதே கதைதான். சும்மா தட்டிவிட்டு மாட்டக்கூடாது.

துகள் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் நம் ஊரின் தொழில் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் ஃபவுண்டரி, கிரைண்டிங் பட்டறைகளுக்கு அருகே நிற்கும் வண்டிகளில் இரும்புத் துகள் பெயிண்டில் குத்தி நிற்கும். வெள்ளைக் காரில் சின்னச் சின்னத் துருப் புள்ளிகளாகத் தெரியும். மற்ற நிறங்களில் கண்ணுக்குத் தெரியாது. கையை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு, கழுவிய பேனல் மேல் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம் கவருக்குள் மணல்தாள் மாதிரி சொரசொரக்கும். அப்படிச் சொரசொரத்தால் முதலில் இரும்பு நீக்கும் திரவம் (பட்டதும் ஊதா நிறமாக வழியும்), பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்து கிளே பார் (ஒட்டிய துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி). அது வழவழப்பானால்தான் மெஷின். கிளே கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றுதான் எதிரி. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று காற்றாலைக்கு வரம், திறந்த போர்டிகோவில் பாலிஷ் போடுகிறவருக்குச் சாபம். செம்மண், தேங்காய் நார்மில் தூசி எல்லாம் ஈரமான காம்பவுண்டில் வந்து ஒட்டும். ஆடி மாதத்தில் பாலிஷ் போட வேண்டும் என்றால் நான்கு பக்கமும் மூடிய இடம் வேண்டும். காற்று எழும்பாத விடிகாலையில் ஒரு பேனலை முடித்துக்கொள்வது அடுத்த வழி. வாசல் தெளிக்கிற மாதிரி தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் தூசி அடங்கும்.

கீறல் நேர்கோடாக, துடைத்த திசையில் இருந்தால் குற்றவாளி துணி. திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், பட்டறைக்கு அருமையான சாமான், எண்ணெய் துடைக்க அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கைப்பிடி எடுத்து விரித்துப் பாருங்கள்: ஓவர்லாக் அடித்த பாலியெஸ்டர் நூல், கழுத்துப் பட்டையில் லேபிள், மார்பில் ரப்பர் மாதிரி உறைந்த பிரின்ட். இவை ஒவ்வொன்றும் கிளியர் கோட்டில் கோடு போடும். பாலிஷ் துடைக்க ஓரத்தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணி வேண்டும். லேபிள் இருந்தால் வெட்டிவிடுங்கள். அதைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்சு ஏறிவிடும். மணக்க வைக்கும் கண்டிஷனரும் வேண்டாம்.

வெள்ளைத் தூசி பறக்கிறது, அல்லது காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டது

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அளவு அதிகம் அல்லது சூடு அதிகம். புதுப் பேடுக்கு முதல் முறை மட்டும் முகம் முழுக்க காம்பவுண்டைத் தடவிக்கொள்ளலாம். அடுத்தடுத்த கட்டங்களுக்கு மூன்று நான்கு சொட்டே ஏராளம்.

சூட்டைக் கண்டுபிடிக்க உள்ளங்கை போதும். பேனலில் கையை வைத்துப் பத்து எண்ணும்வரை வசதியாக வைத்திருக்க முடியவில்லை என்றால் ஆரம்பிக்காதீர்கள். கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் நிழலில் நிற்கும் காரின் போனட்கூட மதியம் சுடும். வெயிலில் நின்ற காரை நிழலுக்குக் கொண்டுவந்து உடனே ஆரம்பிப்பதும் தப்பு. எஞ்சின் சூடும் சேர்ந்து போனட் ஆறுவதற்கு நேரம் எடுக்கும். முதலில் டிக்கியில் தொடங்கி, போனட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிக் காய்ந்துபோனதைச் சுரண்டாதீர்கள். அதன் மேலேயே ஒரு சொட்டு புது பாலிஷ் வைத்து மெதுவான வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினால் இளகிவிடும், உடனே துடைத்துவிடலாம்.

வெள்ளை வட்டங்கள் போகவே இல்லை

இது முழுக்க முழுக்கத் தண்ணீர் விவகாரம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஏராளம். கழுவிய காரை வெயிலில் காய விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வட்டமாகத் தங்கும். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதைக் காருக்குப் பீய்ச்சுவதைக் கோவைக்காரர் எவரும் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் கூடாது.

வட்டம் மேலே படிந்த உப்பா, கிளியர் கோட்டை அரித்த பள்ளமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் ஒன்றிரண்டு நிமிடம் வட்டத்தின் மேல் வையுங்கள். காய விடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கரைந்தால் அது உப்பு, மெஷினே தேவையில்லை. வெண்மை போய் வட்டத்தின் விளிம்பு மட்டும் நிற்கிறது என்றால் அரித்துவிட்டது. மெல்லிய பாலிஷில் ஆரம்பித்துப் படியேறுங்கள். மூன்றாவது படியிலும் போகாதது ஆழமான அரிப்பு, அதை விடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிடை ஊற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெயிண்ட், குரோம், அலாய் வீல் மூன்றும் சேர்ந்து போய்விடும்.

காக்கை எச்சம் விட்ட தடத்துக்கும் இதே வழிதான். புளிய மரத்தடியிலும் வேப்ப மரத்தடியிலும் நிறுத்துகிற வண்டியில் பிசின் சொட்டியிருந்தால், முதலில் அந்த ஆல்கஹால் கலவையில் ஊறவைத்து இளக்கி எடுத்துவிடுங்கள். பிசினோடு பேடை ஓட்டினால் பேட் வீண்.

மறுபடியும் வட்டம் வராமல் இருக்க, பேனல் பேனலாகக் கழுவி உடனுக்குடன் துடைப்பதுதான் வழி. ஆர்.ஓ. மெஷினில் கழிந்து வரும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணம் நல்லதுதான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்குப் பயன்படுத்துங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது அது, உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் தாராளம்.

அன்றைக்குக் கண்ணாடி, இரண்டு வாஷுக்குப் பிறகு பழையபடி

கீறல் போகவில்லை, மறைந்திருந்தது. எண்ணெய், மெழுகு, கிளேஸ் கலந்த மலிவு பாலிஷ்கள் பள்ளத்தை நிரப்பிக் காட்டும். ஷாம்பு பட்டதும் நிரப்பியது கரைந்துபோகும். ஆல்கஹால் கலவையில் துடைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டு எடுக்கிறீர்கள் என்றாலும் ஒரு கட்டத்தில் அப்படித் துடைத்துக் காட்டச் சொல்லலாம். நன்றாகச் செய்தவர் தயங்க மாட்டார். செராமிக் கோட்டிங் போடப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம், மறைத்த கீறலின் மேல் கோட்டிங்கைப் பூசினால் காசும் போய்க் கீறலும் நிற்கும்.

கலவைச் சோதனையில் தேறிய காரிலும் கீறல் திரும்பினால் அது புதுக் கீறல். கழுவும் முறையைப் பாருங்கள். தூசி படிந்த காரைக் காலையில் கோழி இறகு டஸ்டரால் தட்டிவிடும் பழக்கம், ஒரே வாளித் தண்ணீரில் சக்கரத்தையும் போனட்டையும் துடைப்பது, புதுக் கீறல் விழ இவை இரண்டும் போதும்.

மற்ற சில்லறைக் கோளாறுகள்

மெஷின் உதறுகிறது: பேட் பிளேட்டின் மையத்தில் ஒட்டவில்லை. கழற்றி மறுபடியும் ஒட்டுங்கள். 5 அங்குல பிளேட்டில் 7 அங்குல பேடை மாட்டினாலும் உதறும், மெஷினுக்குள் இருக்கும் எதிர்எடை அந்த அளவுக்கானதல்ல.

பேட் நடுவில் உருகி வெல்க்ரோ பிரிகிறது: அழுத்தம் அதிகம், ஒரே பேடில் ஓட்டிய நேரமும் அதிகம். மாற்றிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஓட்டை உள்ள பேட் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடும்.

பம்பரில் மட்டும் பெயிண்ட் சீக்கிரம் சூடாகிறது: அடியில் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது. வேகத்தை ஒரு படி குறைத்து, தடவைகளையும் குறையுங்கள். பட்டி பார்த்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனலும் மென்மையாக இருக்கும், அதற்குத் தனியாகச் சோதனைக் கட்டம் போடுங்கள். மேட் ஃபினிஷ் பெயிண்டுக்கு மெஷினைக் காட்டவே கூடாது. பளபளப்பு வந்துவிட்டால் அதைத் திருப்ப முடியாது.

கருப்பு ரப்பர் பீடிங்கிலும் பிளாஸ்டிக்கிலும் வெள்ளைக் கறை: டேப் ஒட்டாததன் பலன். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டால் ஷாம்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும். அதிலும் அடங்காத கறையைப் பள்ளிக்கூடப் பென்சில் அழிரப்பரால் தேய்த்து எடுக்கலாம், சொரசொரப்பான பிளாஸ்டிக்கிலும் நன்றாக வரும். அடுத்த முறை டேப் ஒட்டும்போது கதவுக் கைப்பிடியின் இடுக்கையும் எம்பிளத்தையும் சேர்த்து மூடிவிடுங்கள், அங்கே புகுந்த காம்பவுண்டை எடுக்கத்தான் பாதி நாள் போகும்.